ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிகிறதா? இடம் மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதில்களில் பெரும்பகுதி விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக், லினக்ஸ் பற்றிப் பிற்பகுதியில் தனியாக இருக்கிறது. மெனு பெயர்கள் ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தரப்பட்டுள்ளன. எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வகை), பழைய சுழலும் டிஸ்க் இரண்டையும் பொதுவாக டிரைவ் என்றே குறிப்பிடுகிறோம். வேறுபாடு முக்கியமாகும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறோம்.

டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்?

மொத்த அளவில் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருந்தால் கவலையில்லை. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டிய நேரம். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப, புதிதாக எழுதுவதற்கு முன் பழைய தரவை உள்ளுக்குள்ளேயே இடம் மாற்றிக் காலிப் பகுதி உண்டாக்க வேண்டியிருக்கும். அதனால் எழுதும் வேகம் குறையும், தேய்மானமும் கூடும். சுழலும் டிஸ்க்கில் சிக்கல் வேறு: பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாக எழுத இடம் கிடைக்காமல் துண்டு துண்டாகச் சிதறும்.

சதவீதத்தோடு இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸின் பெரிய வருடாந்திர அப்டேட்டுக்குச் சுமார் 20 ஜிபி காலி இடம் தேவைப்படலாம். 128 ஜிபி டிரைவில் 10 சதவீதம் மட்டும் வைத்திருந்தால் அந்த அப்டேட் நின்றுபோகலாம்.

500 ஜிபி டிரைவ் வாங்கினால் கணினி 465 ஜிபி என்று காட்டுகிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடி சொச்சம் பைட்டை 1 ஜிபி என்கிறது. அதனால் 256 ஜிபி டிரைவ் 238 ஆகவும், 1 டிபி டிரைவ் 931 ஆகவும் தெரியும். மேக் 2009 முதல் தயாரிப்பாளர் கணக்கையே பின்பற்றுவதால் அங்கே இந்தக் குழப்பம் கிடையாது.

சுத்தம் செய்ய எங்கிருந்து ஆரம்பிப்பது?

எதையும் அழிக்காமல் ஆரம்பிக்க வேண்டும். முதலில் அளக்க வேண்டும். சின்னச் சின்ன வேர்டு ஃபைல்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழித்தாலும் 200 எம்பி கூடத் தேறாது. அதே டிரைவில் யாருக்கும் நினைவில்லாத ஒரு ஃபோல்டர் 60 ஜிபியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிரம்பிய டிரைவ்களில் பெரும்பாலும் நான்கைந்து பெரிய இடங்கள்தான் காரணம்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எந்த வகைக்கு எவ்வளவு என்று தெரியும். ‘ஷோ மோர் கேட்டகரீஸ்’ அழுத்தினால் முழுப்பட்டியலும் வரும். ஆனால் அது வகையைத்தான் சொல்லும், ஃபோல்டரைச் சொல்லாது. ஃபோல்டர் வாரியாகப் பார்க்க விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட் என்ற மென்பொருளைப் போடுங்கள். விஸ்ட்ரீ, டிரைவின் ஃபைல் அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் லட்சக்கணக்கான ஃபைல்களையும் சில நொடிகளில் அளந்துவிடும். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய ஃபோல்டர்கள் கணக்கில் வராது.

டிரைவில் துளி இடமும் இல்லை. எந்த ஃபைலும் சேவ் ஆகவில்லை. உடனடியாக என்ன செய்வது?

முதலில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், அதில் தேவையானது ஏதுமில்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு. போதவில்லை என்றால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி, மேலே நிற்கும் ஒரு பெரிய வீடியோவைப் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று ஜிபி கிடைத்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல புரோகிராம்கள் தற்காலிகமாக வைத்திருந்த ஃபைல்களை அப்போதுதான் விடும்.

இந்த நிலையில் அப்டேட் போடுவது, புதிய புரோகிராம் நிறுவுவது, டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் கருவி) ஓட்டுவது எதுவும் வேண்டாம். திறந்திருக்கும் டாக்குமென்டைச் சேவ் செய்ய முடியாவிட்டால் மூடிவிடாதீர்கள். ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் பென் டிரைவில் வையுங்கள்.

‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பட்டியலில் எதையெல்லாம் டிக் செய்யலாம்?

ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ திறந்தால் வரும் பட்டியல் இது. பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை: டெம்பரரி ஃபைல்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்ஸ், டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ், விண்டோஸ் அப்டேட் கிளீனப். ‘தம்ப்நெயில்ஸ்’ அழித்தால் படங்களின் சிறு உருவங்களை விண்டோஸ் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். முதல்முறை ஃபோல்டர் திறக்கும்போது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது: ‘டவுன்லோட்ஸ்’. தற்காலிகக் குப்பைகளின் பட்டியலில் உங்கள் சொந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக நிற்கிறது. அதை டிக் செய்து ‘ரிமூவ் ஃபைல்ஸ்’ அழுத்தினால் உள்ளே இருக்கும் அத்தனையும் போய்விடும். சான்றிதழ், ரசீது, நண்பர் அனுப்பிய கல்யாண வீடியோ என்று எல்லாரும் எதையாவது அங்கேதான் வைத்திருப்பார்கள். அந்த ஃபோல்டரைக் கையால் மட்டுமே சுத்தம் செய்யுங்கள்.

‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டர் 25 ஜிபி காட்டுகிறது. அழிக்கலாமா?

அது முந்தைய விண்டோஸ். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழையதற்குத் திரும்ப வேண்டியிருந்தால் உதவுவதற்காக 10 நாள் வைத்திருந்துவிட்டு, விண்டோஸ் தானே அழித்துவிடும். புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது, பிரிண்டரும் ஒலியும் வேலை செய்கின்றன என்றால் முன்கூட்டியே அழிக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் டெலீட் அழுத்தினால் அனுமதி இல்லை என்று தகராறு செய்யும். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ டிக் செய்வதுதான் முறை. விண்டோஸை நீங்களே புதிதாக நிறுவியிருந்தால், அழிப்பதற்கு முன் அதற்குள் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் அங்கே இருக்கக்கூடும்.

ஹைபர்ஃபில் டாட் சிஸ், பேஜ்ஃபைல் டாட் சிஸ் என்று இரண்டு ராட்சச ஃபைல்கள். இவை என்ன?

முதலாவது ஹைபர்நேட் ஆகும்போது ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி வைப்பதற்கான இடம். வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும்: 16 ஜிபி ரேம் என்றால் சுமார் 6.4 ஜிபி, 32 ஜிபி என்றால் சுமார் 12.8. நீங்கள் ஹைபர்நேட் பயன்படுத்துவதே இல்லை என்றால் இதைத் திரும்பப் பெறலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். இடைவெளி விட்டு, சாய்கோடும் எச் எழுத்தும். மறுபடி இடைவெளி விட்டு, ஆஃப். என்டர் அழுத்தியதும் ஃபைல் மறைந்துவிடும். மறுபடி வேண்டுமானால் ஆஃப் இருந்த இடத்தில் ஆன்.

இதற்கு ஒரு விலை உண்டு: ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியும் கூடவே போய்விடும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அது பெரிதாகத் தெரியாது. சுழலும் டிஸ்க் என்றால் கணினி ஆன் ஆக அதிக நேரம் எடுக்கும். மடிக்கணினியின் பேட்டரி தீரும் தறுவாயில் திறந்த வேலையைக் காப்பாற்றுவதும் ஹைபர்நேட்தான் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பேஜ்ஃபைலை விட்டுவிடுங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் இடம் அது. அதை நிறுத்தினால் பெரிய புரோகிராம்கள் காரணம் சொல்லாமல் மூடிக்கொள்ளும்.

‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர் 12 ஜிபி. அதை?

கையால் தொட்டால் விண்டோஸ் பழுதாகும். அதில் இருப்பவை பலவும் விண்டோஸின் வேறு ஃபோல்டர்களிலும் அதே ஃபைலாகவே தெரிபவை. டிஸ்க்கில் ஒரே இடம்தான், எக்ஸ்ப்ளோரர்தான் இரண்டு முறை எண்ணுகிறது. ஆகவே உண்மை அளவு காட்டுவதைவிடக் குறைவு. பழைய அப்டேட்டுகளின் எச்சத்தை மட்டும் நீக்க, ஸ்டார்ட் மெனுவில் ‘டிஸ்க் கிளீனப்’ தேடித் திறந்து, ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ அழுத்தி, ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’ டிக் செய்யுங்கள். நெடுநேரம் ஓடும், அசையாமல் நிற்பது போலத் தெரிந்தாலும் நடுவில் நிறுத்த வேண்டாம்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டருக்கும் இதே விதி. அது வெறும் பழைய செட்டப் ஃபைல்கள் போலத்தான் தெரியும். அழித்துவிட்டால், பல மாதம் கழித்து ஒரு புரோகிராமை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது முடியாது.

10 ஜிபி அழித்தேன். காலி இடம் கூடவே இல்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இது. காரணங்களை நிகழும் வாய்ப்பு வரிசையில் தருகிறோம்.

ரீசைக்கிள் பின் காலியாகவில்லை. பின்னுக்குப் போன ஃபைல் அதே டிரைவில், அதே அளவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி பின் உண்டு. டெஸ்க்டாப்பில் தெரிவது எல்லாவற்றின் கூட்டு.

அடுத்தது ரெஸ்டோர் பாயின்ட், அதாவது கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவு. சிஸ்டம் ரெஸ்டோர் தன் பங்குக்கு டிரைவில் ஒரு பகுதியை எடுத்துவைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ தேடி, ‘கான்ஃபிகர்’ அழுத்தினால் ‘மேக்ஸ் யூசேஜ்’ கோடு தெரியும். 3 முதல் 5 சதவீதம் போதும். அங்கேயே உள்ள ‘டெலீட்’ பொத்தான் எல்லா ரெஸ்டோர் பாயின்டுகளையும் ஒரேயடியாக அழிக்கும். கணினி நன்றாக ஓடும்போது மட்டும் அதை அழுத்துங்கள், பிறகு புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உள்ளே அழித்தாலும் வெளியே சுருங்காத ஃபைல்கள். விர்ச்சுவல் மெஷின், டாக்கர், டபிள்யூஎஸ்எல் ஆகியவற்றின் (கணினிக்குள் தனிக் கணினி போல இயங்குபவை) டிஸ்க் ஃபைல் தேவைக்கேற்ப வளரும், ஆனால் வழக்கமாகத் தானாகக் குறையாது. அதைத் தனியாகச் சுருக்க வேண்டும். அவுட்லுக்கின் பிஎஸ்டி, ஓஎஸ்டி ஃபைல்களும் இப்படித்தான்: ஆயிரம் மெயில் அழித்த பிறகும் அளவு மாறாது. டேட்டா ஃபைல் செட்டிங்ஸில் ‘காம்பேக்ட் நவ்’ கொடுத்தால்தான் இறங்கும்.

எல்லா ஃபோல்டரையும் கூட்டினால் 120 ஜிபி. டிரைவோ 200 ஜிபி நிரம்பியதாகச் சொல்கிறது.

மறைக்கப்பட்டவையும் அனுமதி இல்லாதவையும் உங்கள் கூட்டலில் சேரவில்லை. ‘ஆப்டேட்டா’ ஃபோல்டர், மற்ற யூசர்களின் ஃபோல்டர்கள், ரெஸ்டோர் பாயின்டுகள் இருக்கும் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ எல்லாம் அப்படிப்பட்டவை. அப்டேட்டுக்காக விண்டோஸ் ஒதுக்கிவைக்கும் ‘ரிசர்வ்டு ஸ்டோரேஜ்’ சுமார் 7 ஜிபியும் உண்டு. ஆப்டேட்டாவைத்தான் முதலில் பாருங்கள். உலாவியின் கேஷ் (வேகத்துக்காக எடுத்துவைக்கும் பிரதிகள்), ஐஃபோன் பேக்கப், வீடியோ எடிட்டிங் மென்பொருளின் மீடியா கேஷ், டெலிகிராமின் கேஷ் எல்லாம் பெரும்பாலும் குவிவது அங்கேதான். ஐஃபோன் பேக்கப் ஒன்றே பல பத்து ஜிபி இருக்கும். ஆனால் இந்த ஃபோல்டரை மொத்தமாக அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் அந்தந்தப் புரோகிராமின் செட்டிங்ஸிலிருந்தே நீக்குங்கள். டெலிகிராமில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்’ இருக்கிறது. மீடியா கேஷை அழிக்கும் பொத்தானும் எடிட்டிங் மென்பொருளின் பிரிஃபரன்சஸிலேயே கிடைக்கும்.

உலாவியின் கேஷை அழித்தால் பாஸ்வேர்டு போய்விடுமா?

‘கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்’ மட்டும் டிக் செய்தால் போகாது. குக்கீஸையும் சேர்த்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். எப்படியும் சில நாளில் கேஷ் மறுபடி நிரம்பும். நிரந்தரமாக இடம் கிடைக்கும் என்று இதை நம்ப வேண்டாம்.

ஒன்டிரைவில் ஏற்றிவிட்டேன். இனி கணினியில் உள்ளதை அழிக்கலாமா?

அழிக்கக் கூடாது. ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் அழித்தால் கிளவுடிலும் அழியும், அதே கணக்கில் இணைந்த மற்றக் கணினிகளிலும் அழியும். நிறையப் பேர் குடும்பப் புகைப்படங்களை இழப்பது இந்த இடத்தில்தான். ஃபைல் அல்லது ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். ஐகான் பச்சை டிக்கிலிருந்து மேக வடிவத்துக்கு மாறும்; பெயர் மட்டும் கணினியில் நிற்கும், உள்ளடக்கம் கிளவுடில் இருக்கும், திறக்கும்போது இறங்கும். இணையம் இல்லாத இடத்தில் அந்த ஃபைல் திறக்காது. கூகுள் டிரைவில் இதே வேலைக்கு ‘மிரர்’ முறையிலிருந்து ‘ஸ்ட்ரீம்’ முறைக்கு மாற்ற வேண்டும்.

தவறி அழித்துவிட்டால் ஒன்டிரைவ் இணையதளத்தில் அதற்கென்று தனி ரீசைக்கிள் பின் இருக்கிறது. தாமதிக்காமல் போய்ப் பாருங்கள்.

புரோகிராம்களையும் கேம்களையும் வேறு டிரைவுக்குக் காப்பி செய்யலாமா?

‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்தால் பெரும்பாலானவை ஓடாது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பழைய முகவரிதான் இருக்கும். நீக்கிவிட்டு வேறு டிரைவில் நிறுவ வேண்டும். ஸ்டீம் கேம்களுக்குச் சுலபம்: கேமின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்’, ‘மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர்’. செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்து, தேவைப்படாததை அங்கிருந்தே நீக்குங்கள். ஒரே ஒரு பெரிய கேமை நீக்கினால் 100 ஜிபி வரை கிடைக்கலாம்.

புகைப்படங்களையும் வீடியோக்களையும் ஜிப் செய்தால் இடம் மிச்சமாகுமா?

ஆகாது. ஜேபெக், எம்பி4, எம்பி3 எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிப் செய்தால் ஓரிரு சதவீதம் குறையும், அதுவும் உறுதியில்லை. வீடியோவைக் குறைக்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் எச்.264 என்ற சுருக்க முறையிலிருந்து எச்.265-க்கு மாற்றலாம். ஏறக்குறைய அதே தரத்தில் அளவு பாதிவரை குறையும். பல மணி நேரம் ஓடும், தரம் சற்றேனும் இறங்கும். திரும்பக் கிடைக்காத நிகழ்வுகளின் மூலத்தை இப்படி மாற்றிவிட்டு அழிக்காதீர்கள்.

ஒரே படம் மூன்று இடத்தில் கிடப்பதைக் கண்டுபிடிக்க டூப்குரு என்ற மென்பொருள் உதவும். உங்கள் படங்கள், வீடியோ ஃபோல்டர்களில் மட்டும் ஓட்டுங்கள். விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் ஒரே டிஎல்எல் (புரோகிராம்களின் துணை ஃபைல்) பல இடத்தில் இருப்பது தேவைக்காகத்தான்.

சி டிரைவ் நிரம்பிவிட்டது, டி டிரைவ் காலியாக இருக்கிறது. சி-யைப் பெரிதாக்க முடியுமா?

இரண்டும் ஒரே டிஸ்க்கின் பகுதிகளாக இருந்தால் முடியும், ஆனால் தோன்றுவதைவிடச் சிக்கல். டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாகவே இருக்கும். ஒதுக்கப்படாத இடம் சி-யின் வலப்பக்கம் ஒட்டி இருந்தால்தான் அது வேலை செய்யும். டி-யைச் சுருக்கினால் இடம் டி-யின் கடைசியில் கிடைக்கிறது, சி-யை ஒட்டி அல்ல. நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் வேறு குறுக்கே நிற்கும். தனி பார்ட்டிஷன் மென்பொருள் இவற்றை நகர்த்தும். நடுவில் மின்சாரம் போனால் இரண்டு டிரைவும் போய்விடலாம். முழு பேக்கப் இல்லாமல் இறங்காதீர்கள்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களை டி-க்கு நகர்த்துவது எளிது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘லொகேஷன்’, ‘மூவ்’. டி-க்குள் முன்பே ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். டி டிரைவையே நேரடியாகக் காட்டினால் மொத்த டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும், திருப்புவது தலைவலி. ஒன்டிரைவ் இந்த ஃபோல்டர்களைப் பேக்கப் செய்துகொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

வெளி டிரைவுக்கு மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த பைட்டும் ஒன்றா என்று பாருங்கள், நாலைந்தைத் திறந்து பாருங்கள், பிறகு மூலத்தை அழியுங்கள். எஸ்எஸ்டியில் பின்னைக் காலி செய்த ஃபைலை மீட்பது பெரும்பாலும் நடக்காது. டிரிம் என்ற ஏற்பாடு அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். வெளி டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது; எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும். மாற்றிய பிறகு அந்த ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் இன்னொன்று எடுத்துவையுங்கள்.

கிளீனர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் மென்பொருள்கள் தேவையா?

தேவையில்லை. ரெஜிஸ்ட்ரி முழுவதுமே சில நூறு எம்பிதான். அதில் தேடி இடம் மீட்க ஒன்றுமில்லை, கெடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

சுத்தம் செய்த சில நாளிலேயே மறுபடி நிரம்புகிறது.

எதுவோ தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. விஸ்ட்ரீயில் இன்று ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் வளர்ந்த ஃபோல்டர் தெரிந்துவிடும். பெருத்துப்போகும் லாக் ஃபைல், பழையதை அழிக்காமல் அடுக்கும் பேக்கப் மென்பொருள், திரைப்பதிவுக் கருவி, கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். லாக் ஃபைலை அழிப்பதோடு நிற்காமல் அதை எழுதும் புரோகிராமைச் சரிசெய்யுங்கள். அதே பிழையைத் திரும்பத் திரும்பக் குறித்துக்கொண்டிருக்கும். சாதாரணப் பெருக்கத்துக்கு ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ ஆன் செய்தால் போதும். அதில் டவுன்லோட்ஸ் வரி ‘நெவர்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மேக்கில்?

சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஸ்டோரேஜ். பெரிய ஃபைலை அழித்து டிராஷையும் காலி செய்த பிறகும் இடம் வராவிட்டால் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினின் உள்ளூர் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) அதைப் பிடித்திருக்கும். சாதாரணமாக 24 மணி நேரத்தில் தானே விடும். அவசரம் என்றால் டிஸ்க் யூட்டிலிட்டியில் ‘ஷோ ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்ஸ்’ கொடுத்து அழிக்கலாம். எக்ஸ்கோடு (ஆப் உருவாக்கும் மென்பொருள்) பயன்படுத்துவோர் ‘டெரைவ்டு டேட்டா’ ஃபோல்டரைப் பாருங்கள். மேக் டிரைவை முற்றிலும் நிரம்ப விடாதீர்கள்: மேக்கின் ஃபைல் முறையான ஏபிஎஃப்எஸ்ஸில் ஒரு ஃபைலை அழிக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும். அதுவும் இல்லாதபோது அழிப்பதே தோற்றுப்போகும்.

லினக்ஸில்?

அளக்க என்சிடியு அல்லது பேயோபாப். உபுண்டு வகைகளில் ஏபிடி கேஷ், தேவையற்ற பழைய கர்னல்கள், பழைய ஸ்னாப் பதிப்புகள், ஜர்னல் லாக் நான்கும் முதலில். அழித்த ஃபைலை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால் இடம் திரும்பாது. அந்தப் புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் வரும். லினக்ஸின் ஃபைல் முறையான எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கும். தரவு மட்டும் வைக்கும் பெரிய டிரைவில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். காலி இடம் இருந்தும் ‘நோ ஸ்பேஸ்’ என்றால் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும்: எங்கோ லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள்.

எப்போது புதிய டிரைவ் வாங்குவது நல்லது?

மேலே சொன்னதெல்லாம் செய்தும் 15 சதவீதம் காலி வரவில்லை என்றால். 128 ஜிபி டிரைவோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. வாங்குவதற்கு முன் கணினியில் எந்த வகை இணைப்பு என்று பாருங்கள்: 2.5 அங்குல சாட்டாவா, எம்.2 துளையா, எம்.2 என்றால் என்விஎம்இ-யா சாட்டாவா. எம்.2 வடிவில் இரண்டு வகையும் வருகின்றன, துளை ஒன்றை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. க்ளோன் செய்த (பழையதை அப்படியே புதியதில் பிரதி எடுத்த) பிறகு பழைய டிரைவை உடனே ஃபார்மட் செய்யாமல், புதியது சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை தனியே எடுத்துவையுங்கள்.